கட்டைவிரல் அடிமூட்டு நழுவினால்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கட்டைவிரலின் அடிமூட்டு நழுவுவது தொடர்பாக வந்த கடிதங்களில் எட்டுக் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. கட்டைவிரலில் மூன்று மூட்டுகள் உள்ளன. நகத்தை அடுத்து மடங்குவது நுனி மூட்டு. விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் இருப்பது நடு மூட்டு. அதற்கும் கீழே, மணிக்கட்டை ஒட்டி, கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பு ‘ட்ரபீசியம்’ என்னும் சிறு மணிக்கட்டு எலும்பின் மேல் அமரும் இடமே அடிமூட்டு. கண்ணுக்குத் தெரியும் விரல் நடு மூட்டோடு முடிந்துவிடுவதால், பலர் அந்த நடு மூட்டையே அடிமூட்டு என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால், எந்தக் கடிதம் எந்த மூட்டைப் பற்றியது என்பதை அந்தந்தப் பதிலில் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தபோது, கைப்பிடியைப் பிடித்திருந்த கட்டைவிரல் பலமாக அடிபட்டது. மணிக்கட்டுக்கு அருகில் எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது. எலும்பு முறியவில்லை, மூட்டு மட்டும் நழுவியிருக்கிறது என்று சொல்லி, அதை உள்ளே தள்ளி மாவுக்கட்டுப் போட்டார்கள். ஒரு வாரத்தில் மீண்டும் எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்கிறார்கள். எலும்பே முறியாதபோது அது எதற்கு, டாக்டர்?

பதில்: உங்களை அவசியம் வரச் சொல்லியிருக்கிறார்கள், அவசியம் போங்கள். இந்தக் காயத்தில் எலும்பு முறியவில்லை என்பது பாதி நல்ல செய்திதான். முறிந்த எலும்பு ஒட்டிக்கொண்டால் உறுதி திரும்பிவிடும். ஆனால் எலும்பு முறியாமல் மூட்டு முழுவதுமாக நழுவியிருக்கிறது என்றால், அதைப் பிடித்து வைத்திருந்த ஜவ்வுகள் கிழிந்திருக்கின்றன என்று பொருள். எக்ஸ்ரே படத்தில் ஜவ்வு தெரியாது.

இந்த மூட்டின் அமைப்பைக் கொஞ்சம் விளக்கினால் உங்களுக்குக் காரணம் புரியும். ஒரு குதிரைச் சேணத்தின் மேல் இன்னொரு சேணத்தைக் குறுக்காகக் கவிழ்த்து வைத்தது போல இரண்டு எலும்புகளும் இங்கே பொருந்தியிருக்கின்றன. இடுப்பு மூட்டில் இருப்பது போல் ஆழமான குழி இங்கே இல்லை. அதனால்தான் கட்டைவிரல் முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைவதோடு, திரும்பி மற்ற நான்கு விரல்களின் நுனியையும் தொட முடிகிறது. இத்தனை சுதந்திரத்தோடும் மூட்டு நிலைத்து நிற்பது முதன்மையாகச் சுற்றியுள்ள ஜவ்வுகளின் பலத்தால்தான். நீண்ட காலம் உள்ளங்கைப் பக்கத்து ஜவ்வே இவற்றுள் முதன்மையானது என்று கருதப்பட்டது. 1990களில் நடந்த உடற்கூறு ஆய்வுகள், எலும்பு புறங்கைப் பக்கமாக நழுவாமல் தடுப்பதில் புறங்கைப் பக்கத்து ஜவ்வுக்கே பெரும்பங்கு உண்டு என்று காட்டின. அடிமூட்டு பெரும்பாலும் அந்தத் திசையில்தான் நழுவுகிறது. நீங்கள் பார்த்த புடைப்பும் அதுதான்.

மூட்டை உள்ளே தள்ளுவது பெரும்பாலும் கடினமான வேலை அன்று. மரத்துப்போக ஊசி போட்டு, கட்டைவிரலை நீளவாக்கில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, புடைத்து நிற்கும் எலும்பின் அடியை என் கட்டைவிரலால் அழுத்துவேன். மந்தமான ஒரு ‘டொக்’ கையில் உணரப்படும். புடைப்பு மறைந்து தோல் சமமாகிவிடும். நோயாளியின் முகத்தில் உடனே நிம்மதி தெரியும். ஆனால் எனக்கு முக்கியமான தருணம் அதற்கு அடுத்த நொடியில்தான் வருகிறது. அழுத்திய விரலை மெல்ல எடுக்கும்போது எலும்பு இருந்த இடத்திலேயே நிற்கிறதா, அல்லது அழுத்திவிட்ட ஆர்மோனியக் கட்டை மீண்டும் எழும்புவது போல மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் மாவுக்கட்டை நம்பலாம். எழும்பினால் மாவுக்கட்டு மட்டும் போதாது.

முதல் நாளில் நின்ற மூட்டும் பிறகு நழுவலாம். அடிபட்ட கை வீங்கியிருக்கும்போதுதான் கட்டுப் போடப்படுகிறது. நான்கைந்து நாளில் வீக்கம் வற்றியதும் கட்டுக்கும் கைக்கும் இடையே இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியில், கட்டைவிரலை வெளிப்புறம் இழுக்கும் தசைநாண் எலும்பின் அடியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. வலி குறைந்துகொண்டே வருவதால் நோயாளிக்கு இது தெரிவதில்லை. நான் தொழிலைத் தொடங்கிய ஆண்டுகளில், மூட்டு நன்றாகப் பொருந்திய ஒருவரை நேராக மூன்றாம் வாரம் வரச் சொன்னேன். அவரும் வலியில்லை என்று மகிழ்ச்சியோடு வந்தார். படத்தில் மூட்டு பாதி நழுவிய நிலையில் இருந்தது. கட்டோடு எளிதாக முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை அவருக்கு அறுவையில் முடிந்தது. அந்தத் தவறு என்னுடையது. அதன்பின் கட்டுப் போட்ட உடனே ஒரு படம், ஒரு வாரத்தில் ஒரு படம், இரண்டாம் வாரத்தில் தேவைப்பட்டால் இன்னொரு படம் என்பதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நழுவல் ஒரு வாரத்தில் தெரிந்தால் திருத்துவது எளிது. ஆறு வாரம் கழித்துத் தெரிந்தால் அது முற்றிலும் வேறு சிகிச்சை.

கேள்வி: என் மனைவிக்குக் கட்டைவிரல் அடிமூட்டு நழுவி நான்கு நாள் ஆகிறது. ஒரு மருத்துவர் மாவுக்கட்டே போதும் என்கிறார். இன்னொருவர் கம்பி பொருத்த வேண்டும், ஜவ்வையும் சரிசெய்வது நல்லது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அறுவை என்றாலே அவர் பயப்படுகிறார்.

பதில்: இருவரில் ஒருவர் தவறு செய்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். எலும்பு முறிவு இல்லாத அடிமூட்டு நழுவல் அரிதான காயம். கையில் ஏற்படும் காயங்களில் நூற்றில் ஒன்றுகூட வராது. அதனால் நூற்றுக்கணக்கானவர்களை ஒப்பிட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்லும் பெரிய ஆய்வுகள் இந்தக் காயத்துக்கு இல்லை. சிறிய தொகுப்புகளும், அவரவர் கையில் கண்ட அனுபவமுமே வழிகாட்டுகின்றன. கருத்து மாறுபாடு வருவது இதனால்தான்.

முடிவெடுக்க உதவும் கேள்விகள் சில உள்ளன. அவற்றை நேரடியாக இரு மருத்துவர்களிடமும் கேளுங்கள். உள்ளே தள்ளியபின் மூட்டு தானாக நின்றதா? விரலை மெல்ல அசைத்துப் பார்த்தபோதும் நின்றதா? கட்டுப் போட்டபின் எடுத்த படத்தில் இரண்டு எலும்புகளின் பரப்பும் சமமாகப் பொருந்தியிருக்கின்றனவா, அல்லது ஓரத்தில் சிறிதளவேனும் விலகல் தெரிகிறதா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து விலக்கி, சற்று உள்நோக்கித் திருப்பிய நிலையில், மணிக்கட்டையும் சேர்த்துப் போடும் மாவுக்கட்டை ஏறத்தாழ ஆறு வாரம் வைத்திருப்பது நேர்மையான சிகிச்சை. ஏதேனும் ஒன்றில் ஐயம் இருந்தால் கம்பி தேவை.

கம்பி பொருத்துவது என்பது உங்கள் மனைவி எண்ணும் அளவுக்குப் பெரிய அறுவை இல்லை. கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, நகரும் எக்ஸ்ரே கருவியில் பார்த்துக்கொண்டே, ஒரு மில்லிமீட்டரை விடச் சற்றுக் கனமான கம்பியைத் தோல் வழியாகவே செலுத்தி, மூட்டைப் பொருந்திய நிலையில் பூட்டி வைக்கிறோம். தோலைக் கீற வேண்டியதில்லை. நான்கு முதல் ஆறு வாரத்தில் அந்தக் கம்பியைப் புறநோயாளிப் பிரிவிலேயே உருவி எடுத்துவிடலாம். பெரும்பாலோருக்கு அதற்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படாது.

ஜவ்வைச் சரிசெய்வது அதற்கு அடுத்த படி. கிழிந்த ஜவ்வைத் திறந்து பார்க்காமல் விட்டுக் கம்பியால் மட்டும் பூட்டியவர்களில் சிலருக்கு, கம்பி எடுத்தபின் மூட்டு மீண்டும் தளர்ந்திருக்கிறது. 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஒப்பீடு, தொடக்கத்திலேயே ஜவ்வைச் சீரமைத்தவர்களுக்கு விளைவு மேலாக இருந்தது என்று காட்டியது. அது சிறிய ஆய்வு. இருந்தாலும் புறக்கணிக்கத்தக்கது அன்று. ஜவ்வு எலும்பிலிருந்து பிய்ந்திருந்தால் அதையே எடுத்து எலும்பில் தைக்கலாம். தைக்க முடியாதபடி சிதைந்திருந்தால், மணிக்கட்டை மடக்கும் தசைநாண் ஒன்றில் பாதியைப் பிரித்து, கட்டைவிரல் எலும்பின் அடியில் துளையிட்டு அதன் வழியே செலுத்திப் புதிய ஜவ்வாகக் கட்டுவோம். ஈட்டன், லிட்லர் என்னும் இரு கை அறுவை மருத்துவர்கள் 1973இல் எழுதிய முறை இது. சிறுசிறு மாற்றங்களோடு இன்றும் அதைப் பின்பற்றுகிறோம். மீதிப் பாதித் தசைநாண் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதால் மணிக்கட்டின் பலம் குறைவதை நோயாளிகள் பொதுவாக உணர்வதில்லை.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். தள்ளியதும் உறுதியாக நிற்கும் மூட்டுக்கு மாவுக்கட்டு. நின்றும் நிற்காததுமாக இருக்கும் மூட்டுக்குக் கம்பி. கையை எடுத்ததும் எழும்பிவிடும் மூட்டுக்கு, அதிலும் கைவேலையை நம்பி வாழ்பவர் என்றால், கம்பியோடு ஜவ்வுச் சீரமைப்பு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடிபட்ட இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வது நல்லது. நான்காம் நாளில் இருக்கும் உங்களுக்கு இன்னொரு கருத்துக் கேட்க நேரம் இருக்கிறது. தள்ளிப்போட நேரம் இல்லை.

கேள்வி: பதினாறு வயது மகன் பந்தைப் பிடிக்கும்போது கட்டைவிரல் பின்புறம் மடங்கி, உள்ளங்கையோடு சேரும் இடத்தில் செங்குத்தாக நின்றுவிட்டது. பயிற்சியாளர் உடனே இழுத்துச் சரிசெய்துவிட்டார். இப்போது வீக்கம் மட்டும்தான் உள்ளது. மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: காட்ட வேண்டும், ஐயா. நீங்கள் விவரிப்பது நடு மூட்டு. பயிற்சியாளர் நல்ல எண்ணத்தில் செய்திருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த மூட்டை நேராக இழுப்பது ஆபத்தானது. அதற்கான காரணத்தை விளையாட்டுத் திடலில் நிற்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். நடு மூட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் தடித்த ஜவ்வுத் தகடு ஒன்று உள்ளது. விரல் பின்னோக்கி மடங்கி நழுவும்போது அது எலும்பிலிருந்து பிய்ந்து தொங்குகிறது. அந்த நேரத்தில் விரலை நீளவாக்கில் வெடுக்கென்று இழுத்தால் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, அந்தத் தகடு உள்ளே புகுந்து சிக்கிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு இழுத்தாலும் மூட்டு சேராது. அறுவை செய்து தகட்டை விலக்கினால்தான் உண்டு. எளிய நழுவல் ஒன்று, ஓர் இழுப்பில் சிக்கலான நழுவலாகிவிடுகிறது.

மருத்துவர் செய்யும் முறை வேறு. மணிக்கட்டையும் விரல் நுனியையும் மடக்கித் தசைநாணைத் தளரவிட்டு, நழுவிய விரல் எலும்பின் அடியைக் கீழ் எலும்பின் மேற்பரப்போடு உராய்ந்தபடியே முன்னோக்கித் தள்ளிச் சேர்ப்போம். இழுப்பதைவிடத் தள்ளுவதே இங்கே முக்கியம். செங்குத்தாக நிற்கும் விரல் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் எளிதில் சேரக்கூடியது. கோணல் அதிகம் தெரியாமல், உள்ளங்கைப் பக்கத் தோலில் சிறு குழி விழுந்திருந்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று அறிகிறோம்.

உங்கள் மகனுக்கு மூட்டு சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். ஒன்று, எக்ஸ்ரே. எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டு பதினாறு வயதில் முழுவதும் மூடாமல் இருக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு மூட்டு நழுவியது போலத் தோன்றும் காயம், அந்தத் தட்டின் வழியே உண்டான முறிவாக இருப்பதும் உண்டு. மற்றொன்று, ஆள்காட்டி விரலை நோக்கிய பக்கத்து ஜவ்வு. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மெல்ல இழுக்கும்போது பிடி தளர்ந்து, அல்லது அந்த இடத்தில் சுருக்கென்று வலித்து, தாள் நழுவினால் அந்த ஜவ்வைப் பற்றி ஐயம் கொள்ள வேண்டும். அது முழுவதும் கிழிந்து, அதன் முனை பக்கத்துத் தசைத் திரையின் மேல் வந்து நின்றுவிட்டால், எத்தனை நாள் கட்டுப் போட்டாலும் ஒட்டாது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஸ்டேனர் 1962இல் இதை விளக்கினார். அவர் பெயராலேயே அந்த நிலை இன்றும் அழைக்கப்படுகிறது. அதற்கு அறுவைதான் தீர்வு. ஜவ்வு உறுதியாக இருந்தால், மூட்டைச் சற்று மடக்கிய நிலையில் சுமார் மூன்று வாரம் பட்டை கட்டுவது போதும்.

கேள்வி: அடிபட்ட உடனே, மருத்துவமனைக்குப் போய்ச்சேரும் வரை, வீட்டில் என்ன செய்யலாம்? நீவிவிட்டால் சேராதா?

பதில்: நீவ வேண்டாம், இழுக்க வேண்டாம், ‘நெட்டி’ எடுப்பது போல் முறுக்கவும் வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். வீங்கியபின் கழற்றுவது கடினம். விரல் எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில், கெட்டியான அட்டை ஒன்றை அணைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, கையை நெஞ்சுயரத்துக்கு உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால் மணி நேரம் வைக்கலாம். விரல் நுனி வெளுத்திருந்தாலோ, மரத்திருந்தாலோ, தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலோ, நள்ளிரவானாலும் அப்போதே போக வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால், போகும் வழியில் எதுவும் உண்ணாமல் இருப்பது நல்லது.

கேள்வி: எனக்கு வந்த எக்ஸ்ரே அறிக்கையில் ‘பென்னெட்’ முறிவு என்று எழுதியிருக்கிறது, மருத்துவரோ மூட்டு நழுவியிருக்கிறது என்கிறார். இது முறிவா, நழுவலா?

பதில்: இரண்டும்தான். கட்டைவிரல் எலும்பின் அடியில், உள்ளங்கைப் பக்கத்தில், ஜவ்வு பற்றியிருக்கும் ஒரு சிறு துண்டு உடைந்து தன் இடத்திலேயே நின்றுவிடுகிறது. எலும்பின் மீதி முழுவதும் தசை இழுப்பால் மணிக்கட்டை நோக்கி நழுவிவிடுகிறது. டப்ளின் நகர மருத்துவர் எட்வர்டு ஹாலரன் பென்னெட் 1882இல் விவரித்ததால் அவர் பெயர் வந்தது. முறிவில்லாத நழுவலைவிட இதுதான் அதிகம் காணப்படுகிறது.

துண்டு சிறியது என்பதால் காயமும் சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். ஜவ்வு கிழியாமல் துண்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், எலும்பைத் துண்டோடு சரியாகச் சேர்த்துவிட்டால் மூட்டின் உறுதியும் கூடவே திரும்பும் என்பது இதிலுள்ள ஆறுதல். எலும்பு துளியும் விலகாத முறிவுக்கு மாவுக்கட்டு போதும். விலகியிருந்தால் இழுத்துப் பொருத்திக் கம்பியால் பூட்டுவது வழக்கம். துண்டு பெரிதாகவும், மூட்டின் பரப்பில் ஒன்று இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் படி விழுந்தும் இருந்தால், திறந்து சிறு திருகாணி பொருத்துவோம். அடிபட்ட கையின் சாதாரணப் படத்தில் இந்த மூட்டு மற்ற எலும்புகளின் நிழலில் மறையக்கூடும். எனவே கையை நன்றாக உட்புறமாகத் திருப்பி, கட்டைவிரலின் முதுகை எக்ஸ்ரே தகட்டில் வைத்து எடுக்கும் தனிப் படம் வேண்டும். உங்கள் அறிக்கையில் அந்தப் படம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் சி.டி. ஸ்கேன் உதவும்.

கேள்வி: எனக்கு அடி எதுவும் படவில்லை. ஆனால் மூடி திறக்கும்போதும், நீண்ட நேரம் எழுதும்போதும் இரண்டு கட்டைவிரல்களும் அடியில் நழுவி, பிறகு தானே சேர்கின்றன. சிறு வயதில் விரல்களை வளைத்துத் தோழிகளுக்கு வேடிக்கை காட்டுவேன். வயது 24. அறுவை தேவையா?

பதில்: தேவைப்படாது என்றே எதிர்பார்க்கிறேன், அம்மா. உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில்தான் விடை இருக்கிறது. பிறவியிலேயே ஜவ்வுகள் தளர்வாக இருப்பவர்களுக்கு இப்படி ஆகும். இங்கே கிழிந்த ஜவ்வு எதுவும் இல்லை. நீளும் தன்மை அதிகமுள்ள ஜவ்வு இருக்கிறது. அதை இறுக்கிக் கட்டினாலும் அதே தன்மையுள்ள திசு மீண்டும் தளரக்கூடும் என்பதால், அறுவையை நாங்கள் கடைசிக்கு ஒதுக்குகிறோம்.

ஜவ்வு செய்ய வேண்டிய வேலையைத் தசைக்குக் கற்றுக்கொடுப்பதே உங்களுக்கான சிகிச்சை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் ஒரு தசைமேடு உண்டு. ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சாய்க்கும்போது அது திரண்டு எழுவதைத் தொட்டுப் பார்க்கலாம். அது சுருங்கும்போது கட்டைவிரல் எலும்பை அடிமூட்டின் நடுவில் அமர்த்துகிறது. ஆள்காட்டி விரலைச் சுற்றி ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி, மறு கையால் அதைச் சுண்டு விரல் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்புக்கு எதிராக விரலைக் கட்டைவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பழகுங்கள். வலியில்லாத அளவில், ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் தொடங்கி, மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். எழுதும்போது அடிமூட்டை மட்டும் தாங்கும் சிறு பட்டையை அணியுங்கள். பருத்த பேனாவைப் பயன்படுத்துங்கள். மூடியை விரல் நுனிகளால் திருகாமல் உள்ளங்கை முழுவதையும் வைத்துத் திருப்புங்கள். வளைத்து வேடிக்கை காட்டுவதை நிறுத்திவிடுங்கள். தோள், முழங்கால் மூட்டுகளும் இப்படி நழுவுமானால், அல்லது தோல் இயல்புக்கு மேல் இழுபட்டு எளிதில் கிழியுமானால், பொது மருத்துவர் ஒருவரிடம் உடல் முழுவதையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் விழுந்ததில் கட்டைவிரல் அடி வீங்கியது. சுளுக்கு என்று விட்டுவிட்டேன். இப்போது அந்த இடம் படி போல் துருத்தியிருக்கிறது. சாவி திருப்பினால், துணி பிழிந்தால் உயிர் போகிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அன்றைக்குச் செய்திருக்கக்கூடியதை இன்று அப்படியே செய்ய முடியாது. சாவி திருப்பும்போது மட்டும் ஏன் இவ்வளவு வலி என்று நீங்கள் வியந்திருக்கக்கூடும். கட்டைவிரல் நுனியில் ஒரு கிலோ அளவுக்குப் பிடித்தால், அடிமூட்டில் அது ஏறத்தாழ 12 கிலோ அழுத்தமாகப் பெருகுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விலகி அமர்ந்த மூட்டில் இந்த அழுத்தம் பரப்பு முழுவதும் பரவாமல் ஓர் ஓரத்திலேயே விழுவதால், அந்த இடத்தில் குருத்தெலும்பு தேய்கிறது.

இப்போது அறிய வேண்டியது, அந்தக் குருத்தெலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே. நன்றாக இருந்தால், மேலே சொன்ன தசைநாண் முறையில் ஜவ்வைப் புதிதாகக் கட்டி மூட்டைத் தன் இடத்தில் நிறுத்தலாம். தேய்ந்துவிட்டிருந்தால் ஜவ்வைக் கட்டுவதால் வலி போகாது. அப்போது, கடினமான கைவேலை செய்யும் இளவயதினருக்கு இரண்டு எலும்புகளையும் ஒன்றாக இணைத்துவிடுவது ஒரு வழி. பலமான பிடி கிடைக்கும், வலி தீரும். ஆனால் உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக விரிக்க முடியாது. வயது கூடியவர்களுக்கு ட்ரபீசியம் எலும்பையே அகற்றிவிடுவது நெடுங்காலமாகச் செய்யப்பட்டுவரும் அறுவை. வலியைப் போக்குவதில் அது நம்பத் தகுந்தது. பிடியின் பலம் சிறிது குறையலாம், முழுப் பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும். உடனே அறுவை வேண்டாம் என்றால் தாங்கு பட்டையும், மூட்டுக்குள் போடும் ஊசியும் சில காலத்துக்கு வலியைத் தணிக்கும். ஊசி மூட்டைத் திருத்தாது என்பதை மட்டும் அறிந்தே போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு மூன்று வழிகளில் எது உங்களுக்கு ஏற்றது என்பதைப் படத்தைப் பார்த்து மட்டும் என்னால் சொல்லிவிட முடியாது. அந்தக் கையால் நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை உங்கள் மருத்துவரிடம் விரிவாகச் சொல்லுங்கள். தையல் இயந்திரத்தில் துணியைத் தள்ளும் கைக்கும், மண்வெட்டி பிடிக்கும் கைக்கும் ஒரே அறுவை பொருந்துவதில்லை.

கேள்வி: அடிமூட்டு நழுவலுக்குக் கம்பி பொருத்தி, மேலே மாவுக்கட்டும் போட்டிருக்கிறார்கள். கட்டு சற்று நனைந்துவிட்டது. கம்பி எடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதன்பின் எவ்வளவு நாளில் எழுதலாம், வண்டி ஓட்டலாம், எடை தூக்கலாம்?

பதில்: நனைந்த கட்டை இன்றே காட்டுங்கள். ஈரம் பட்ட மாவு தளர்ந்து பிடிமானத்தை இழக்கிறது. உள்ளே உள்ள பஞ்சு ஈரமாகவே கிடந்தால் தோல் ஊறி, கம்பி நுழையும் துளையில் கிருமி சேரவும் வாய்ப்புண்டு. கட்டுக்குள் துர்நாற்றம், நீர்க்கசிவு, நாளுக்கு நாள் கூடும் துடிக்கும் வலி, காய்ச்சல் ஆகிய எதுவும் தெரிந்தால் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. அதுவரை நுனி மூட்டையும் மற்ற நான்கு விரல்களையும் மணிக்கு ஒருமுறையாவது முழுவதும் மடக்கி நீட்டுங்கள். கட்டு அவற்றை விட்டுவைத்திருப்பது அதற்காகத்தான். தோளையும் முழங்கையையும் மறக்க வேண்டாம்.

கம்பி எடுத்த அன்று கட்டைவிரல் மரக்கட்டை போல இருக்கும். இதைக் கண்டு பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். சிலர் மறு கையால் பிடித்து வலுவாக விரித்துப் பார்க்கிறார்கள். இரண்டும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் அந்த விரல் தன் பலத்தாலேயே அசையட்டும். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நுனியால் முதலில் ஆள்காட்டி விரல் நுனியையும், எளிதானபின் நடுவிரலையும், பிறகு மோதிர விரலையும் தொட முயலுங்கள். சுண்டு விரல் நுனியைத் தொட ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. பயிற்சி நேரம் தவிர மற்ற நேரங்களில் கழற்றி மாட்டும் தாங்கு பட்டையை மேலும் மூன்று நான்கு வாரம் அணிவது நல்லது.

பட்டையுடன் மெல்ல எழுதுவதை, கம்பி எடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கலாம். வண்டியைப் பொறுத்தவரை, கைப்பிடியை வலியின்றி இறுகப் பிடிக்கவும், அவசரத்தில் பிரேக்கைச் சட்டென்று அழுத்தவும் முடிகிறதா என்று நிறுத்திய வண்டியிலேயே சோதித்துப் பாருங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம். நிறைந்த வாளி தூக்குவது, திருகுவது, பிழிவது, பந்து விளையாட்டு ஆகியவற்றை அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் தள்ளி வையுங்கள். ஜவ்வைப் புதிதாகக் கட்டியிருந்தால் உங்கள் அறுவை மருத்துவர் அதைவிட நீண்ட காலம் சொல்லக்கூடும். அவர் சொல்வதையே கேளுங்கள். பலம் முழுவதும் திரும்ப ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். இடையில் எப்போதாவது அடிமூட்டில் ‘டொக்’ என்று நகர்வது போல் உணர்ந்தாலும், மேடு மீண்டும் தோன்றினாலும், வலி இல்லாவிட்டாலும்கூட, அதே வாரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.